தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் முதல் குழந்தை பிறந்த எட்டாம் நாள் இறந்துபோனாள். ஸ்ரீரங்கத்தில், என் அம்மா வீட்டில், சித்திரை மாதம். பால் வற்றட்டும் என்று அம்மா மல்லிகைப்பூவை வைத்து மார்பைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். அந்த வாசனையோடு பல நாள் படுத்திருந்தேன். அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மனசுக்குள்ளயே வச்சுக்காத, அழுதுடு" என்று சொல்லிப் போனார்கள். மனசுக்குள் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வைகாசி கடைசியில் என் கணவர் வந்து பொன்மலைக்கு அழைத்துப் போனார். அவருக்கு ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் வேலி போட்ட கொஞ்சம் மண். முன்பு குடியிருந்தவர்கள் வைத்த இரண்டு செம்பருத்திச் செடிகளும் ஒரு வாழையும் அதில் நின்றன. காலையில் பட்டறைச் சங்கு ஊதியதும் அவர் கிளம்பிவிடுவார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்தால், மதியச் சங்கு கேட்கும்போதுதான் அடுப்பு பற்றவைக்கவில்லை என்பது நினைவுக்கு வரும். அவர் வந்து இருப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியப் பெண்மணி ஒருவர் இருந்தார். வயது ஐம்பது இருக்கும். முன்பு நர்ஸாக இருந்தவர். எனக்கு நடந்தது அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. ஒரு காலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையை நீட்டினார்.

"இங்க பாரும்மா. ஹம்மிங் பேர்ட். அமெரிக்காவுல வீட்டுத் தோட்டத்துல பாட்டில் கட்டி வைக்கிறாங்க. அது பறந்துகிட்டே குடிக்குது."

படத்தில் கட்டைவிரல் அளவு பறவை ஒன்று சிவப்புக் குப்பியின் முன்னால் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நம்ம ஊர்ல இது இல்லீங்களே" என்றேன்.

"இல்ல. ஆனா உன் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருதே, நான் தினம் பாக்கறேன். நீ பாக்கலியா?"

நான் பார்த்ததில்லை. தினமும் அந்தச் செடிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் ஊசி மருந்து வந்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றையும் சிவப்பு ரிப்பன் துண்டு ஒன்றையும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். ஆசைப்பட்டுச் செய்தேன் என்று சொல்லமுடியாது. கத்தரிக்காய் நறுக்கச் சொல்லியிருந்தால் நறுக்கியிருப்பேன், அதுபோலத்தான். குப்பியை வெந்நீரில் கழுவி, கழுத்தில் ரிப்பனைச் சுற்றி, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, செம்பருத்திக் கிளையில் கம்பியால் சாய்த்துக் கட்டினேன்.

முதலில் எறும்புகள்தான் வந்தன. மறுநாள் குப்பிக்குள் கறுப்பாக மிதந்தன. அதைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினேன். அதற்கும் எறும்பு. என் கணவர் பட்டறையிலிருந்து ஒரு தாளில் கொஞ்சம் கிரீஸ் மடித்துக் கொண்டுவந்து கம்பியில் தடவினார். எறும்பு வருவது நின்றது. சிட்டு குப்பிக்கு வரவில்லை. பக்கத்துப் பூவில் மூக்கை விட்டுவிட்டுக் குப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்தது. தண்ணீர் வெயிலில் புளித்துப்போகும் என்பதால் தினமும் மாற்றினேன்.

சர்க்கரை ரேஷனில் வந்த காலம் அது. ஒரு நாள் அவர் மிச்சம் வைத்துப் போயிருந்த காபியை வாயில் விட்டேன். கசந்தது. டப்பாவில் இருப்பதையெல்லாம் குப்பிக்கு எடுத்துவிட்டு அவருக்குப் போடாமலேயே கொடுத்திருக்கிறேன். எத்தனை நாளாக என்று தெரியவில்லை. அவர் சொல்லவும் இல்லை. எனக்கு வெட்கமாகவாவது இருந்திருக்க வேண்டும். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஆனி பாதியில் ஒரு பெண் சிட்டு வந்தது. வயிறு மட்டும் மஞ்சள், மற்றபடி மங்கல் நிறம். படத்தில் இருந்ததைப்போல அந்தரத்தில் நிற்கவில்லை. கிளையில் உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, குப்பிக்குள் மூக்கை விட்டது. மூன்றாம் நாள் ஊதாக் கழுத்துள்ள ஆணும் வந்தது. அடுத்த வீட்டம்மா வேலியோரம் நின்று சத்தமில்லாமல் கைதட்டினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலை, குப்பியைக் கழற்றி ஊற்றிக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் சிட்டு வந்துவிட்டது. கையை அசைக்காமல் நின்றேன். என் விரலில் வந்து உட்கார்ந்து குடித்தது. பாரமே தெரியவில்லை, நகம் மட்டும் லேசாகக் குத்தியது. மூக்கை எடுத்தபோது நாக்கு நூல்போல வெளியே நீண்டு உள்ளே போனது.

சாயங்காலம் அவர் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, இன்னிக்கு அந்தச் சிட்டு என் கையிலயே உக்காந்து குடிச்சுது. நாக்கு நூல் மாதிரி இருக்கு" என்றேன்.

நானாக அவரிடம் ஒன்றைச் சொன்னது ஊரிலிருந்து வந்த பிறகு அதுதான் முதல் தடவை. அவர் ஒரு கை இன்னும் சட்டைக்குள் இருக்க, தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"நான்தான் அவளத் தூக்கிட்டுப் போனேன்" என்றார். "துண்டுல சுத்தி. மூஞ்சில வெயில் படக்கூடாதுன்னு வழியெல்லாம் கையால மறைச்சுக்கிட்டே போனேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்க வச்சீங்க?"

"கொள்ளிடக் கரைக்குக் கீழ, மணல்ல. ஒரு நாணல் புதர் பக்கத்துல."

"என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"பொம்பளைங்க அங்க போறதில்ல."

"தெரியும்" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். அம்மா வீட்டுக்குப் போகாமல் நேராகக் கரைக்கு நடந்தோம். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்திருந்தது. மணலும் இல்லை, நாணலும் இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அவர் அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டு, தண்ணீரில் ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்கதான். இல்ல, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவர் காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. கால் வலிக்கும்வரை நின்றோம். "போலாமா?" என்று அவர் கேட்டதும் தலையாட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனேன். பொன்மலைக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் மாறவேண்டும். அவர் என்னை எழுப்பவில்லை. கண் விழித்தபோது பஸ் சத்திரத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தமான ஜங்ஷனில் காலியாக நின்றது, கண்டக்டர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என் தலை என் கணவர் தோளில் இருந்தது.