விதிவிலக்குக் கடிதமும் வேலுவின் கழுத்தும்

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. சொல்தா அருளப்பன் போய்விட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்பதால் ‘சொல்தா’, அந்த மொழியில் சிப்பாய். ரக்பி கற்றதும் அங்கேதான். நம் ஊர் கிளப் ஆட்டங்களுக்கு வெகுகாலம் நடுவர். செய்தியை அனுப்பியவர் போட்டிகளை நடத்தும் குழுவைச் சேர்ந்தவர். கூப்பிய கைகளாக ஆறேழு படங்களும் சேர்த்திருந்தார். சொல்தாவை மைதானத்தைவிட்டு அனுப்பிய குழு அது. நான் பதில் போடவில்லை.

ஆட்டத்துக்கு முன் அவர் செய்வது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்க்ரமில் இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தலைகோத்துத் தள்ளும்போது, மொத்த பாரமும் முன்வரிசை மூவரின் கழுத்தில்தான் இறங்கும். அந்த மூவரையும் குனியச் சொல்லிப் பிடரியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவார். தாங்காதவனுக்கு முன்வரிசையில் இடமில்லை. “மேட்ச் அடுத்த வாரமும் வரும். கழுத்து ஒண்ணுதான்” என்பார்.

நான் முதலியார்பேட்டை கிளப்பின் செயலாளராக இருந்தேன். ஓர் அரையிறுதிக்கு முன் எங்கள் முன்வரிசைக்காரனுக்குத் தோள் முறிந்தது. மீன்பிடிக் குடும்பத்து வேலுவைக் கூட்டிவந்தேன். வலை இழுத்த புஜம். ஒரு பருவம் முழுதும் கிளப்பில் ஆடியவன்தான் அரையிறுதியில் இறங்கலாம் என்பது விதி. குழுவுக்கு எழுதி விதிவிலக்கு வாங்கினேன்.

சொல்தா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வேலுவின் பிடரியை அழுத்திப் பார்த்தார். கழுத்து தாங்கவில்லை.

“இந்த லெட்டர் இவன கிரவுண்டுக்குள்ள வுடுது, சரி. முன்வரிசையில நிறுத்துன்னு இதுல எங்க இருக்கு தம்பி?”

வேலுவை ஓரத்தில் ஓடவிடலாம், இல்லையென்றால் இரு அணியும் ஸ்க்ரமில் தள்ளாமல் குனிந்து மட்டும் நிற்கவேண்டும் என்றார். நான் வீம்புக்கு வேலுவை முன்வரிசையிலேயே நிறுத்தினேன். அதனால் ஆட்டம் முழுக்க ஸ்க்ரமில் யாரும் தள்ளவில்லை; எங்கள் பலமே தள்ளுவதில்தான். தோற்றோம். எங்கள் ஆட்கள் அவரைக் கழுத்து டாக்டர் என்று கிண்டலடித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு உட்கார்ந்து ஒரு புகார் எழுதினேன். விதிவிலக்கு பெற்றவன் எந்த இடத்தில் ஆடினாலும் நடுவர் தடுக்கக்கூடாது, தடுத்தவரை நீக்கவேண்டும் என்று. கடிதம் எழுதுவது எனக்கு வரும். குழு ஏற்றுக்கொண்டு அவரை நீக்கியது. சொல்தாவுக்கு மட்டும் கடிதத்தைக் காட்டிவிட்டு, என் பெயர் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த பருவத்திலும் வேலுவை முன்வரிசையில் நிறுத்தினேன். புது நடுவர் குழுவின் காகிதத்தை மட்டும் பார்த்தார், பிடரியைத் தொடவில்லை. மூன்றாவது ஸ்க்ரம் சரிந்தது. எல்லோரும் எழுந்தார்கள், அடியில் கிடந்த வேலு எழவில்லை. முறிந்த கழுத்தெலும்பு பிறகு கூடிவிட்டது. இடது கைவிரல்கள் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. கடலுக்குப் போகமுடியாமல் ஒரு குடோனில் காவலுக்கு இருக்கிறான்.

ஆஸ்பத்திரிக்கு சொல்தா வந்தார். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் வேலுவின் விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொல்லிப் பார்த்தார். வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “புகார் எழுதுனது நீதான்னு அவங்கிட்ட சொன்னியா?”

அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் அதே கேள்வி. அவர் வரும் தெருவைத் தவிர்த்தேன். இப்படியே பத்து ஆண்டுகள் ஓட்டினேன்.

அடக்கத்தன்று குழுக்காரர்கள் மலர்வளையத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். வேலு வலது கையால் மண் போட்டான். எல்லோரும் கலைந்தபின் அவனிடம் போய்ச் சொன்னேன், அவரை நீக்கச்சொல்லி எழுதியவன் நான்தான் என்று.

“தெரியும் சார். ஆஸ்பத்திரியிலயே சொல்தா சொல்ட்டாரு. ‘சாரே வந்து சொல்லுவாரு, அதுவரைக்கும் நீயா கேக்காத’ன்னாரு.” கையில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டே சொன்னான்: “ரொம்ப லேட்டாக்கிட்டீங்க சார்.”

குழுவின் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. சொல்தாவின் மேலும்தான். ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம் அவர். திட்டாமலே போய்விட்டார். அவர் திட்டாத அந்தத் திட்டைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.