மெக்சிகோ கேரட்டும் மூன்றாவது குறுக்குத் தெருவும்

யக்ஞநாராயணன் ஒரு பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதனை அதிகாரி. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் கடைந்து அனுப்பும் உதிரிபாகங்களைக் கையில் எடுத்து, அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஒன்று வலது பக்கத் தட்டில் வைப்பார், இல்லையென்றால் இடது பக்கத் தட்டில். வலது தட்டில் விழுந்தது பம்புக்குப் போகும்; இடது தட்டில் விழுந்தது பட்டறைக்கே திரும்பும். நல்ல சாமான் நல்லதாக இருப்பது அதன் கடமை, அதற்குப் போய் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்வார்களா என்பது அவர் கட்சி. வீட்டிலும் அதே நடைமுறைதான். பட்டு வைத்த குழம்பை அவர் மறுபடி கேட்டுப் போட்டுக்கொண்டால் அது தேறிவிட்டது என்று பொருள். வாய் திறந்தால் ஏதோ குறை.

இப்படிப்பட்ட மனிதருக்கு, ஐம்பத்து நான்காவது வயதில், தான் செய்த ஒன்றை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை வந்தது. காரணம் எளிது. அதுவரை அவர் எதையும் செய்ததில்லை. ஊரார் செய்ததைப் பார்த்துச் சரி, தப்பு என்று சொன்னதோடு சரி.

தொண்ணூற்றொன்றில் கம்பெனி அவரை மெக்சிகோவுக்கு அனுப்பியது. உண்மையில் போக வேண்டியவர் வேறொருவர். அவருக்கு அம்மை போட்டுவிட்டது. மான்ட்டெர்ரே என்ற ஊரில் ஆறு வாரம். அங்கே அவரை விதையைப் பன்றிக் கொழுப்பில் வேகவைப்பதாக முதல் நாளே யாரோ சொல்லிவிட்டார்கள். சோற்றில் கோழிச்சாறு. மிச்சமிருந்தது, சாப்பாட்டுக் கடைகளில் கேட்காமலேயே மேஜைக்கு மேஜை வைத்த ஒரு கிண்ணம் கேரட். பச்சை மிளகாய், பூண்டோடு வினிகரில் ஊறின கேரட். சோளச் சப்பாத்தியில் அதை வைத்துச் சுருட்டி ஆறு வாரத்தை ஓட்டினார். தங்கியிருந்த விடுதியின் சமையற்காரி அதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லாததால் பாடம் சுத்தமாக மனதில் ஏறியது.

வெளிநாடு போய் வந்தவர்கள் டூ-இன்-ஒன், கேமரா என்று கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஆரிகானோ என்ற காய்ந்த இலை ஒரு பொட்டலம். பெட்டிகள் கப்பலில் வந்துகொண்டிருப்பதாகப் பட்டு தெருவில் சொல்லிவைத்தாள். அந்தக் கப்பல் சிட்லபாக்கம் மூன்றாவது குறுக்குத் தெருவுக்கு இன்றுவரை வந்து சேரவில்லை.

"பூண்டும் வினிகரும் என் சமையலறைக்குள்ள வரப்படாது," என்றாள் பட்டு. "அந்த வினிகர் புளிச்ச கள்ளு மாதிரி நாத்தம் அடிக்கறது."

"கள்ளு நாத்தம் உனக்கு எப்படித் தெரியும்?"

"ரயில்ல வரச்சே குடிச்சுட்டு வந்து பக்கத்துல உட்கார்றானே, தெரியாதா?"

ஆகவே மெக்சிகோ, கொல்லைப்புறத்தில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், பம்ப் ஸ்டவ்வில் தொடங்கியது. கேரட்டைச் சாய்வாக வட்டம் வட்டமாக நறுக்கினார். எல்லாம் ஒரே கனம். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. பெரிய வெங்காயம், உரித்த பூண்டு. மெக்சிகோ மிளகாய்க்குப் பதில் பஜ்ஜி மிளகாயும், அதற்குக் காரம் கிடையாது என்பதால் கூடவே குண்டூர்ப் பச்சை மிளகாயும். கொஞ்சம் எண்ணெயில் புரட்டி, வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, உப்பு, மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, கேரட் பாதி வேகும்போது இறக்கிவிட வேண்டும். பல்லில் நறுக்கென்று கடிபட வேண்டும் என்பது சட்டம். பொட்டலம் தீர்ந்ததும் ஆரிகானோவுக்குப் பதில் தொட்டியிலிருந்த கற்பூரவல்லியைப் பறித்துப் போட்டார். மணம் உள்ளே வந்ததும் பட்டு, "யாருக்கு இருமல்?" என்று கேட்டாள்.

அவள் அதை நாக்கில் வைக்க மறுத்தாள். எண்ணெய் மிதக்காத, தாளிக்காத ஊறுகாயை ஊறுகாய் என்று சொல்வதே பாவம் என்றாள். அவர் ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிரப்பித் தெருவுக்கு வழங்கத் தொடங்கினார்.

அந்தத் தெருவில் யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லும் வழக்கமில்லை. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பும் வழக்கமும் இல்லை. எனவே பாட்டில்கள் பளபளவென்று கழுவப்பட்டு, உள்ளே சர்க்கரையோடோ நாலு எலுமிச்சம்பழத்தோடோ திரும்பி வந்தன. கூடவே ஒரு சொல்லும் வந்தது. எதிர்வீட்டு ராஜகோபாலன் அதைத்தான் சொன்னார், அவர் மனைவி சாவித்ரி அதைத்தான் சொன்னாள், கோடிவீட்டு ஐசக் சாரும் அதைத்தான் சொன்னார்: "டிஃபரண்ட்டா இருந்தது சார்."

நம் மக்கள் ஒன்றைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு இதைவிட மரியாதையான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. யக்ஞநாராயணனுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் பாட்டில் காலியாக அல்லவா வருகிறது? சாமான் செலவாகியிருக்கிறது. செலவானது தேறியதுதானே என்று தமக்குத் தாமே வாதாடிக்கொண்டார். அந்த வாதம் ராத்திரி படுக்கும்போது எடுபடாது.

"ஒருத்தராவது வாய் நிறைய நன்னா இருக்குன்னு சொல்லப்படாதோ," என்றார் ஒருநாள்.

பட்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "சொல்லலாம்," என்றாள். "சொல்றது ஒரு வழக்கம்னா, அது எனக்கும் தெரிஞ்சிருக்குமே."

தெருவில் அந்தக் கேரட் மீது உண்மையான அக்கறை காட்டியது ஒரே ஒரு ஆள். பாத்திரம் தேய்க்க வரும் பச்சையம்மா.

"இன்னா சார், இந்த வாரம் கேரட்டு போடலியா?"

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"நான் எங்க துன்றேன். எங்க வூட்டுக்காரு கேட்டுகினே கீறாரு."

பச்சையம்மாவின் வீட்டுக்காரர் குப்புராஜ். ஏதோ சாப்பாட்டுக் கடை வைத்திருப்பதாகக் கேள்வி. ஒரு ரசிகன் இருக்கிறான் என்று யக்ஞநாராயணன் அவளுக்கும் ஒரு பாட்டில் சேர்த்துப் போட்டார்.

அப்போதுதான் ராஜகோபாலன் அந்தக் காரியத்தைச் செய்தார். வங்கி அதிகாரி, நெற்றியில் சந்தனம் அழிந்து யாரும் பார்த்ததில்லை, சனிக்கிழமை தவறாமல் ஏதோ சத்சங்கத்துக்குப் போய்வருபவர். ஒரு சனிக்கிழமை இரவு தெருமுனையில் எதிர்ப்பட்டார். வாயில் கிராம்பு. வழக்கத்துக்கு மாறாக யக்ஞநாராயணனின் தோளில் கையைப் போட்டார்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. நீங்க ஒரு கேரட் குடுக்கறேளே, அது டிஃபரண்ட்தான். ஆனா இன்னிக்கு ஒரு ஃபிரண்டு இடத்துல ஒரு கேரட் சாப்டேன். அதுதான் சார் கேரட். என்ன காரம், என்ன புளிப்பு. இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டுன்னு கேட்டு வாங்கிச் சாப்டேன். நீங்க ஒரு தரம் அவன்கிட்ட கேட்டுண்டு போடுங்கோ."

"யார் அந்த ஃபிரண்டு?"

"சானடோரியம் பக்கம்," என்று பொதுவாக மேற்கே கையைக் காட்டிவிட்டு ராஜகோபாலன் அவசரமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

யக்ஞநாராயணன் அன்று தூங்கவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் மெக்சிகோ போய் வந்த இன்னொருவன் இருக்கிறானா? அவனுக்கும் ஒரு சமையற்காரி கற்றுக்கொடுத்தாளா? காலையில் பச்சையம்மாவிடம் கேட்டார்: "சானடோரியம் பக்கம் யாராவது இந்தக் கேரட் போடறாளா?"

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உங்களுது தான் சார் அது."

"என்னுதா?"

"எங்க வூட்டுக்காரு ஒயின்ஸ் பாருல சைடு டிஷ்ஷு கடை போட்டுகினு கீறாரு இல்ல. அங்க போவுது."

"நான் உனக்குக் குடுத்தது ஒரு பாட்டில். அது எத்தனை பேருக்குக் காணும்?"

"நீ குடுத்தது மட்டுமா சார்? இந்தத் தெருவுல அத்தினி வூட்டுலயும் நான்தான வேல செய்றேன். நீ காலைல குடுப்ப, அவுங்க சாயந்தரம் எங்கிட்ட குடுப்பாங்க. எதிர் வூட்டு அம்மா மூடியே தொறக்காது. நான் ஒரே வாளில கொட்டிகினு, பாட்டில கழுவி வெச்சுட்டுப் போவேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா கழுவிதான் சார் வெச்சேன்," என்று சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மனிதனைத் தெருவே ஏமாற்றுவதற்குச் சதி ஏதும் வேண்டியதில்லை. தெரு முழுதும் மரியாதை தெரிந்தவர்கள் இருந்தால் போதும். யக்ஞநாராயணனுக்குக் கோபம் வந்தது. கோபம் தீர்வதற்குள் வேறொன்று உறைத்தது. மூடியே திறக்காத வீட்டு ராஜகோபாலன், யார் போட்டது என்று தெரியாதபோது, இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். பேரைப் பார்க்காமல் சாமானை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பரிசோதனை என்றால் அதுதான் பரிசோதனை. அந்தத் தீர்ப்பைத் தம் பேரில் ஒருமுறையாவது காதால் கேட்டுவிட வேண்டும் என்று துடித்தார்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், வாழ்நாளில் முதல்முறையாக, அவர் ஒரு பாருக்குள் நுழைந்தார். கீற்றுக் கொட்டகை, நெளிந்த தகர மேஜைகள், புகை. ஒரு சோடா வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சுற்றிலும் எவர்சில்வர் தட்டுகளில் அவருடைய கேரட் ஒரே கனத்தில் மின்னியது. மூலை மேஜையில், சந்தனம் அழியாமல், ராஜகோபாலன்.

ராஜகோபாலன் முதலில் வெளுத்தார். பிறகு யக்ஞநாராயணனின் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை எந்தச் சத்சங்கமும் கொடுத்திருக்காது.

"நீங்களுமா சார்? முன்னாடியே சொல்லப்படாதோ, சேர்ந்தே வந்திருக்கலாமே."

"ராஜகோபாலன், இந்தக் கேரட் நான் போட்டது."

"ஆமாம் ஆமாம்."

"விளையாடலை. உங்காத்துக்கு நான் குடுத்ததுதான் இது. உங்காத்து மாமி பச்சையம்மாகிட்ட குடுத்து, அவ இங்க கொண்டுவந்து..."

ராஜகோபாலன் அவர் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டார். "முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் சோடா ஊத்திக்கோங்கோ. நான் ஆட்டோல அழைச்சிண்டு போறேன்."

யக்ஞநாராயணன் வாழ்க்கையிலேயே மிகத் தெளிவாகப் பேசியது அன்றுதான். அதை நம்ப அங்கே ஆளில்லை.

எழுந்து குப்புராஜின் மேஜைக்குப் போனார். குப்புராஜ் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனைவி அடையாளம் சொல்லியிருக்க வேண்டும். பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தான்.

"கேரட்டு சார்தான? வூட்ல சொல்லிச்சு. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத சார்."

"சொல்லு."

"போன வாட்டி கேரட்டு வெந்துட்ச்சு. நறுக்குனு இல்ல. ரெண்டு பேரு தட்ட அப்டியே வெச்சுட்டுப் பூட்டான். வெங்காயத்த எவனும் தொடல, அது வேஸ்ட்டு. பூண்டு பத்தல சார், பூண்டுக்கு இங்க சண்டையே நடக்குது. காரம் இன்னும் கொஞ்சம் ஏத்து."

யக்ஞநாராயணன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மெதுவாகக் கடித்தார். குப்புராஜ் சொன்னது உண்மை. வெந்துதான் இருந்தது. இத்தனை மாதங்களில், அவர் போட்டது என்று தெரிந்தே ஒருவன் அந்தக் கேரட்டைப் பற்றி மனம்விட்டுச் சொன்ன முதல் சொல் அது. அவன் உண்மையில் தின்றுபார்த்திருந்தான். ராஜகோபாலன் வெளியே ஆட்டோ ஓட்டிகளிடம் பேரம் பேசும் சத்தம் கேட்டது. யக்ஞநாராயணன் நடந்தே வீட்டுக்குப் போனார்.

அதன் பிறகு தெருவுக்குப் பாட்டில் போகவில்லை. மூன்றாவது குறுக்குத் தெரு அதைப் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொண்டது. "எங்க மேல ஏதாவது கோபமா மாமி? கேரட்டையே கண்ணுல காட்டறதில்லையே," என்று சாவித்ரி மதில் மேலாகப் பட்டுவிடம் ஆற்றாமைப்பட்டாள். குறைசொல்ல வந்தவர்களில் ஒருவர் நாக்கிலும் அது பட்டதில்லை என்பதைப் பற்றி யாருக்கும் உறுத்தலில்லை.

சனிக்கிழமை காலை பச்சையம்மா வாளியோடு கொல்லையில் வந்து நின்றாள். வெங்காயம் இல்லை, பூண்டு இரட்டை, கண்ணில் நீர் வரும் காரம். யக்ஞநாராயணன் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கொஞ்சம் யோசித்தார்.

"இது வேண்டாம். வெந்துடுத்து. வேற போட்டுத் தரேன்."

"இன்னா சார் நீ, குடிகாரனுங்களுக்கு இன்னா தெரியப்போவுது. குடு."

"தெரியும். அவாளுக்குத்தான் தெரியும்."

"அப்போ இத்த இன்னா பண்றது?"

"எதிர்வீட்டுல குடுத்துடு. கேட்டுண்டே இருக்கா."

பச்சையம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "குடுத்தா சாயந்தரம் எங்கிட்டதான சார் வரும்?"

"வந்தா குப்பையில கொட்டிடு," என்று சொல்லிவிட்டு அவர் புதிதாகக் கேரட் சீவ உட்கார்ந்தார்.