நாலு டன்னும் நீட்டிய கையும்

இன்று காலை வங்காளத்தின் நியூ டவுனில், எங்கள் புதிய கட்டடத்தின் மொட்டைமாடிக்கு நாலு டன் ஏசி இயந்திரத்தை ஏற்ற கிரேன் வந்தது. பாதுகாப்பு அதிகாரியாக நான் வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது வாரம்.

கிரேனை வாசல் கேட் அருகிலேயே நிறுத்தி, அதன் கையை முழுக்க நீட்டித் தூக்கப் பார்த்தார்கள். நான் குறுக்கே போய் நின்றேன்.

மேனேஜர் கத்தினார். "ஐம்பது டன் கிரேன், மேடம்! நாலு டன்னைத் தூக்காதா?"

"பக்கத்துல நின்னா தூக்கும் சார். கை நீள நீளத் தாங்குற எடை குறையும். இவ்வளவு தூரத்துக்கு ரெண்டு டன்தான். மீறினா வண்டியே கவிழ்ந்துடும்."

ஆபரேட்டர் ஷம்பு தா (இங்கே 'தா' என்றால் அண்ணன்) கேபினில் ஒட்டியிருந்த அட்டவணையை விரல் வைத்துப் படித்தார். "தீதி டிக் போல்ச்சென்," அக்கா சொல்வது சரிதான் என்றார்.

சுவரோரம் வழியை அடைத்துக் கிடந்த மணலை அள்ளி, கிரேனை அருகே கொண்டுவர இரண்டு மணி நேரமானது. பிறகு இயந்திரம் ஆடாமல் மேலேறி, தன் இடத்தில் பூப்போல உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்துவிட்டேன்.

மாலையில் மேனேஜர் என் மேஜைமேல் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பை வைத்துவிட்டுப் போனார்.

வங்காளத்தில் இதற்குப் பெயர் மன்னிப்பா, பாராட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெட்டி காலி.