கேலரி முற்றத்தில் கொஞ்சம் புகை

"யாரு செத்தது?"

அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்து பீலித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை டவுன்ல தப்பு அடிக்க வரணும்ப்பா" என்று சொன்னேன். தப்பு மேளம் அடிக்கிறவரைத் தேடி வந்து ஒருவர் அழைத்தால், அவர் வேறு என்ன கேட்பார்?

"யாரும் சாகலப்பா."

"அப்ப கோயிலா?"

"கோயிலும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

"சும்மா... கேக்குறதுக்கு."

அப்பா கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சித்தப்பாதான் சிரித்தார். "சும்மா கேக்குறதுக்கா? சாவுக்கு ஒரு அடி இருக்கு, சாமிக்கு ஒரு அடி இருக்கு. சும்மாவுக்கு எங்ககிட்ட அடி இல்லயே மகன்."

சரியான கேள்விதான். எங்கள் தோட்டத்து லய வீடுகளில் தப்புச் சத்தம் கேட்டால் யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள். எழுந்து போவார்கள் — ஒன்று சாவு வீட்டுக்கு, இல்லையென்றால் மாரியம்மன் கோயிலுக்கு. ஒரு சத்தத்தை எதற்கும் இல்லாமல், நாற்காலியில் சாய்ந்து கேட்கலாம் என்பதையே நான் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தெரிந்துகொண்ட இடம் அந்தக் கேலரி. இந்தப் பத்திரிகைப் பத்தியில் முன்பும் அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். எஹலியகொடயிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். டவுன் பெயர் இந்த முறை வேண்டாம்... ஏன் என்று போகப் போகப் புரியும். நிலந்தி அக்கா என்று ஒரு சிங்கள ஓவியர். தன் அப்பாவின் பழைய வீட்டின் முன் ஹோலில் படங்களை மாட்டி வைத்திருக்கிறார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போடுவார். ஒருவர் கிட்டார் வாசிப்பார், ஒருவர் புல்லாங்குழல். இடையில் சிங்களக் கவிதை, ஆங்கிலக் கவிதை, எப்போதாவது தமிழ்க் கவிதை. மேடையில் பேசப்படுவதைத் தமிழில் சொல்வது என் வேலை. தமிழில் கேட்க ஒரு டீச்சரும், கடைத்தெரு துணிக்கடைக்காரரின் இரண்டு மகள்மாரும் வருவார்கள். அவர்களுக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் சொல்லுவேன்.

அங்கேதான் ஒருநாள், தேநீர் குடிக்கும்போது, "எங்க அப்பா தப்பு அடிப்பார் அக்கா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. நிலந்தி அக்கா விடவில்லை. அடுத்த மாதம் அவரைக் கூட்டி வா, கொழும்பிலிருந்து வரும் கவிஞர் ஒருவர் தப்பைப் பற்றியே கவிதை வாசிக்கிறார், அது முடிந்ததும் நிஜத் தப்பு கேட்டால் எப்படி இருக்கும் என்றார்.

எப்படி இருக்கும்? எனக்கும் கேட்க ஆசையாக இருந்தது.

அப்பாவின் செட்டில் ஐந்து பேர். மூன்று பேர் உடனே கையை விரித்துவிட்டார்கள். "டவுனுக்கா? ஊரெல்லாம் செக்கிங் நடக்குற இந்த நேரத்திலயா? கொட்டு அடிக்கப் போயி கூண்டுக்குள்ள கெடக்கவா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்பா, மகன் கேட்டதற்காக வந்தார். சித்தப்பாவின் காரணம் வேறு. "சேர்ல உக்காந்து தப்பு கேக்குறவங்கள ஒரு தடவ பாத்துரணும் அண்ணே" என்றார்.

சித்தப்பாவிடம் அடையாள அட்டை கிடையாது. பிறப்புப் பதிவு இல்லை என்று விண்ணப்பம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்துவிடும். தோட்டத்து ஒபிசில் கொடுத்த ஒரு கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்திருப்பார். அந்தக் கடிதத்துக்கும் தவணை முடிந்திருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. டவுனுக்குப் போகும்போது பஸ்ஸில் ஏறிய சோதனைக்காரர் அப்பாவின் அடையாள அட்டைக் கார்டை மட்டும் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மழை தெரியும்தானே, வந்தால் வந்ததுதான். கேலரிக்குப் போய்ச் சேர்ந்ததும் அப்பா உறையைக் கழற்றித் தப்பை நகத்தால் தட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"தொய்ஞ்சு போச்சு. காய்ச்சணும்."

தப்பு நெருப்பைப் பார்க்காமல் பேசாது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும். அனலில் காட்டினால்தான் இறுகும். ஆனால் ஹோல் முழுக்க எண்ணெய் வர்ணப் படங்கள். நிலந்தி அக்கா சிரித்துக்கொண்டே, "உள்ளே மட்டும் வேண்டாம், பின் முற்றத்துக்குப் போங்கள்" என்று இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கிழித்துக் கொடுத்தார். பெட்டிகளும் நனைந்துதான் இருந்தன. நனைந்த அட்டை எரியாது, புகையும். நன்றாகப் புகையும்.

முற்றத்துக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு அரசாங்கக் கட்டடம். மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியுடன் காவல். இதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. நிலந்தி அக்கா அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு அது கொய்யா மரம் சாய்ந்து நிற்கிற மதில், அவ்வளவுதான்.

நான் உள்ளே போய்விட்டேன். புல்லாங்குழல் முடிந்தது. கொழும்புக் கவிஞர் எழுந்தார். நல்ல மனிதர், நல்ல குரல். நெருப்பைக் குடித்துவிட்டுப் பேசுகிற தோல் என்று தப்பைச் சொன்னார். அந்த வரியைத் தமிழில் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பின்பக்கம் ஏதோ ஜீப் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டது. மழை நாளில் வண்டிகள் வரும், போகும்.

கவிதை முடிந்தது. நான் மைக் முன்னால் போனேன். "அடுத்தது தப்பு. அடிக்கப் போகிறவர் என் அப்பா. கூட என் சித்தப்பா" என்று சிங்களத்தில் சொன்னேன், ஆங்கிலத்தில் சொன்னேன், கடைசியாகத் தமிழில் சொன்னேன். படித்த காலம் முழுக்க வகுப்பில் ஒருவரிடமும் சொல்லாத விஷயம். மூன்று மொழியில் சொல்லிவிட்டேன்.

எல்லோரும் பின் கதவைப் பார்த்தார்கள்.

யாரும் வரவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். ஓட்டில் மழை மட்டும். கொஞ்ச நேரம் போனதும் யாரோ மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கவிஞர் கண்ணை மூடித் தலையாட்டினார். தப்பு ஒலிக்காத இடத்தில் அந்த மௌனத்தை வைத்தது ஆழமான யோசனை என்று பிறகு என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு எதுவுமே நிகழ்ச்சியாகத்தான் தெரியும்.

நான் முற்றத்துக்கு ஓடினேன். அட்டை இன்னும் புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தப்புக் குச்சி. அப்பாவின் செருப்பு. தேநீர் போடுகிற சிங்களத்து அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பொலிஸ் வந்து கூட்டிப் போய்விட்டது மாத்தயா."

"ஏன் என்னைக் கூப்பிடவில்லை?"

"உங்க அப்பாதான் வேண்டாம் என்றார். பிள்ளை உள்ளே பேசிக்கொண்டிருக்கிறான், குழப்ப வேண்டாம் என்றார்."

பொலிசுக்கு நிலந்தி அக்காவும் வந்தார். அப்பாவும் சித்தப்பாவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் இரண்டு தப்பு. சார்ஜன்ட் வயதானவர், சத்தம் போடாத ஆள். கான்ஸ்டபிள்தான் தப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொக்கத மே?" என்ன இது என்று கேட்டான்.

"மேளம் சேர்" என்றார் அப்பா, சிங்களத்தில். அப்பாவின் சிங்களம் என் சிங்களத்தைவிட நன்றாக இருக்கும்.

"மேளம் என்றால் அடித்துக் காட்டு."

அப்பா அடித்தார். தொப். ஈரத் துணியைக் கல்லில் போட்டது மாதிரி ஒரு சத்தம். கான்ஸ்டபிள் சிரித்தான். "இதுவா மேளம்? இதை அடிக்கவா மதில் ஓரமாக நெருப்பு வைத்தீர்கள்?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கிந்தர டிக்கக் ஓன, சேர்."

கொஞ்சம் நெருப்பு வேண்டும் என்று கேட்கிறார். எதை வைத்ததற்காகப் பிடித்து வந்தார்களோ, அதையே.

நிலந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். சார்ஜன்ட்தான் தப்பைத் தன் பக்கம் இழுத்து, தோலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ரபான் மாதிரியா?"

"ஆமா சேர். ரபான் மாதிரித்தான்."

புது வருஷத்துக்குத் தன் வீட்டிலும் ரபான் மேளத்தைத் தணலில் சூடாக்கித்தான் அடிப்பார்கள் என்று கான்ஸ்டபிளுக்குச் சொன்னார். பிறகு சமையல் கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். துப்பாக்கியோடு ஒருவன் கூட நின்றான். அப்பா என்னிடம் கையை நீட்டினார்.

"பேப்பர் இருக்கா?"

என் பையில் இருந்த ஒரே பேப்பர் இந்தப் பேப்பர்தான். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் பத்தி எந்தப் பக்கத்தில் வரும் என்று போட்டோவை வைத்துத் தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் உருவி என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதைக் கொளுத்தினார். தப்பைச் சாய்த்துப் பிடித்து அனலில் சுற்றினார். நகத்தால் தட்டினார். மறுபடி சுற்றினார். பேப்பர் தீர்ந்துவிட்டது.

"பத்தல, இன்னும் கொஞ்சம் வேணும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொடுத்தேன்.

அந்தப் பக்கமும் எரிந்து முடிந்ததும் அப்பா எழுந்து நின்று அடித்தார். முதல் அடி சமையல் கட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவர் அடித்தது சாவு அடி. சாமி அடியை அந்த இடத்தில் அடிக்க மனசு வரவில்லை போல. சித்தப்பா கூடச் சேர்ந்து அடிக்கவில்லை. பெஞ்சில் இருந்தபடி தொடையில் தாளம் போட்டார். உள்ளேயிருந்து ஒவ்வொருவராகச் சமையல் கட்டு வாசலுக்கு வந்தார்கள். சிரித்த கான்ஸ்டபிளும் வந்தான். எல்லோரும் நின்றுகொண்டுதான் கேட்டார்கள்.

சார்ஜன்ட் கையை உயர்த்தினார். "போதும். மேளம்தான்."

அப்பாவின் கார்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, அவரைப் போகச் சொன்னார். சித்தப்பாவின் பிளாஸ்டிக் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். தவணை முடிந்த கடிதம். இவர் இங்கேயே இருக்கத்தான் வேண்டும், தோட்டத்திலிருந்து புதுக் கடிதம் கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் ஞாயிறு. ஒபிஸ் பூட்டு. நிலந்தி அக்கா கெஞ்சினார், நான் கெஞ்சினேன். சார்ஜன்ட் கோபப்படவில்லை. "என் கையில் இல்லை தம்பி" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

தோலும் கட்டையும் நெருப்பைக் காட்டியதும் தாங்கள் யாரென்று சொல்லிவிட்டன. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணிலேயே பால் வெட்டி நரைத்த மனிதரை எதில் காட்டிப் பேச வைப்பது? அந்த ஹோல் நிறைய ஆட்கள் இருந்தார்கள். கேட்க வந்த ஒருவரிடமும் யாரும் கார்டு கேட்கவில்லை.

நாங்கள் புறப்படும்போது சித்தப்பா சொன்னது இதுதான்: "நீங்க போங்க அண்ணே. தப்ப ஈரத்துல வச்சிராம கொண்டு போங்க."

திங்கட்கிழமை கடிதத்தோடு போனேன். பின்னேரம்தான் விட்டார்கள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து சித்தப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் சந்தி வரும்போது அவராகத்தான் கேட்டார்.

"மகன், அவங்க சேர்லதான் உக்காந்து இருந்தாங்களா?"

"ஆமா சித்தப்பா."

"நெறையப் பேரா?"

"நெறையப் பேருதான்."

தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

நேற்று நிலந்தி அக்கா போன் பண்ணினார். அடுத்த மாதம் பொலிசில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடலாம், அப்பாவிடம் ஒரு தடவை கேட்டுப் பார் என்றார். கேட்டேன். அப்பா பீலியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"யாராவது செத்தா சொல்லு, வரேன். சும்மா கேக்குறதுக்கு இனிமே கூப்பிடாத."