குப்பையோடு வந்த விருந்தாளி

அவர் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. கல்முனைக்குடிப் பக்கம், கடல்நீர் தேங்கும் களப்போரத்தில், சேற்றில் வளரும் கண்டல் மரக் கன்றுகளைச் சம்பளமில்லாமல் நட்டுக் காவல் காக்கும் ஒல்லி மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி, முழங்கால் வரை சேறு. எப்போது பார்த்தாலும் அந்தக் கன்றுகளோடு கதைத்துக்கொண்டிருப்பார்.

என் தங்கையின் கல்யாணக் குப்பையை, சோறு பரிமாறிய பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுகளோடு சேர்த்து, அந்தக் கன்றுகளின் மேல் கொட்டியவன் நான்தான். சோம்பல், வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை அவர் இரண்டு மூட்டைக் குப்பையைச் சைக்கிளில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். உள்ளே புது மாப்பிள்ளை பசியாறிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மானம் போகக் கூடாதென்று கையை ஓங்கிக்கொண்டு ஓடினேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கும் கார்டு கிடைச்சிச்சு," என்று குப்பைக்குள்ளிருந்து எடுத்த அழைப்பிதழை நீட்டினார். "சாப்பாடு முடிஞ்சிட்டோ தம்பி?"

"மெல்லமாக் கதைங்க காக்கா. ஊட்டுல மாப்பிள்ள இரிக்காரு," என்று கையை இறக்கி, அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினேன்.

"அவரையும் கூப்பிடுங்க. இன்னும் முப்பது கண்டு லஞ்ச் ஷீட்டுக்குள்ள மூச்சில்லாமக் கிடக்கு. என்ட ரெண்டு கை காணாது."

மாப்பிள்ளை வெளியே வந்தார், மூட்டைகளைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு புதுச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காக்காவின் சைக்கிளில் ஏறிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.

களப்பில் நான் இடுப்பு வரை புதைந்தேன். இழுக்க வந்த மாப்பிள்ளையும் விழுந்தார், அவரை இழுத்த காக்காவும் விழுந்தார். மூன்று பேரும் சேற்றில் கிடந்து வயிறு நோகச் சிரித்தோம். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் எல்லா ஷீட்டையும் உருவிவிட்டோம். இரண்டு கன்று செத்திருந்தது. மற்றதெல்லாம் நிமிர்ந்தது.

நான் அடிக்கப் போன மனிதர் அவர். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருக்கவில்லை. அது எப்படியென்று இன்னும் விளங்கவில்லை.