ஈரக்கொழுந்தின் எடை

என் மனைவிக்கு மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த பிறகு, கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுத்தார்கள். இரத்தத்தில் ஏதோ நொதியம் இருக்கிறதாம். நோய் பரவினால் அது கூடுமாம். மருந்து பிடித்தால் குறையுமாம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நொதியத்தைப் பற்றிச் சொல்லித்தரும் வகுப்புவரை நான் படிக்கவில்லை. குறைய வேண்டும் என்பது மட்டும் மனதில் பதிந்துவிட்டது. அவள் இருமினாலே பயப்படுகிற ஆள் நான். அதற்குப் பிறகு தூக்கம் எங்கே?

ஒரு முறை வந்த எண், முன்னையதைவிட இரண்டு மடங்கு. நர்ஸ் காகிதத்தைப் பார்த்து "வெடியி" என்று சிங்களத்தில் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. கூடுதல் என்று அர்த்தம். அந்த அளவுக்குச் சிங்களம் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஹட்டனில் பஸ் மாறி உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏங்க, கூடிருச்சாமே?"

"ம்."

"நான்தான் சொன்னேன்ல, மருந்து வேல செய்யுதுன்னு. நீங்கதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வர்றீங்க."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். தராசில் கூடினால் முழுப்பேர் போட்டு முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைநாள் சம்பளம். கூடுவதும் கெட்டதாக இருக்கலாம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்ததும், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பக்கத்துக் காம்பிராக்காரியிடம் சொல்லிவிட்டாள்.

"அப்ப கொழுந்து நிறுக்கிற கணக்கப்புள்ளகிட்ட கேளுங்கக்கா, கூடின கிலோவுக்குக் கைக்காசு தரட்டும்" என்று அந்தப் பெண் சிரிக்க, இவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

அடுத்த கிளினிக்குக்கு முதல்நாள் நான் பையை எடுத்து வைத்தேன்.

"இனி எதுக்குங்க? அதான் கூடிருச்சே. அந்த பஸ்ல குலுங்கிக் குலுங்கி எலும்பெல்லாம் வலிக்குது. நான் வரல."

மருந்தை மாற்றிப் பார்க்க டாக்டர் வரச் சொன்னதே அந்த எண்ணால்தான். போகாவிட்டால் அந்த வழியும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புள்ள, மழை நாள்ல கொழுந்து நிறுத்தா எப்படிக் காட்டும்?"

"கூடத்தான் காட்டும்."

"கூடினது கொழுந்தா?"

"தண்ணி. அதச் சொல்லித்தானே கிலோக் கணக்கா கழிக்கிறானுங்க."

"ஒன் ரத்தத்துல கூடினதும் அப்படித்தான். நல்லது கூடல, புள்ள. நோவு கூடிருக்கு. அது கொறையணும்."

பக்கத்துக் காம்பிராவில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"நான் லயம் பூரா சொல்லிட்டு வந்தேனேங்க."

காலையில் எனக்கு முன்பே எழுந்து சேலை கட்டியிருந்தாள்.

மருந்தை மாற்றினார்கள். வாந்தியில் பாதி உடம்பாகிவிட்டாள். மறுபடி இரத்தம் எடுத்துக் காகிதம் வந்தபோது நர்ஸ் வாயைத் திறக்கவில்லை. அதை என் கையில் தந்துவிட்டுப் போனார். நான் எண்ணைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"தண்ணியக் கழிக்கலையாங்க?" என்றாள்.