நாலு மணி பல்பும் நாங்கள் தூங்கிய தூக்கமும்

நேற்று விடியற்காலை என் மாப்பிள்ளை எழுந்ததும் முதலில் தேடியது கண்ணாடியை அல்ல, போனை!

பேத்தி ஐந்தாம் வகுப்பு. அடுத்த வாரம் பரீட்சை. அவள் வகுப்புப் பெற்றோருக்கு போனில் ஒரு குழு உண்டு (குழந்தைகளைவிட அதில் இருப்பவர்கள்தான் அதிகம் படிக்கிறார்கள்).

"அத்தை, பாருங்க! தருண் அம்மா நாலரைக்கே ஆன்லைன்ல இருக்காங்க. பையனை எழுப்பி உக்கார வெச்சுட்டாங்க. பாப்பாவை எழுப்புங்க!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வியாதியை எனக்கு எண்பதுகளிலேயே தெரியும். அப்போது அது நாற்பது வாட் பல்பு மூலம் பரவியது.

திருவண்ணாமலையில், தேரடித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. நான் பத்தாம் வகுப்பு. எதிர்வீட்டு கரீம் பாய்க்கு டிரங்குப் பெட்டிக் கடை. அவர் மகன் அன்வரும் பத்தாம் வகுப்பு.

ஒரு நாள் இருட்டோடு எழுந்த என் அப்பா, பாய் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டார்.

அங்கே அதிகாலை சுபுஹு தொழுகைக்கு எழுந்திருந்தார்கள். அன்வர் படிக்க எழுந்துவிட்டதாக அப்பா முடிவு செய்தார்!

மறுநாள் பாய் தொழுகைக்கு எழுவதற்கு முன்பே அப்பா என்னை எழுப்பிவிட்டார். எங்கள் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்த பாய்க்கு ரோஷம் வந்தது. அதற்கடுத்த நாள் அன்வர் எனக்கு முன்னால் எழுப்பப்பட்டான். அப்பா விடுவாரா? கொஞ்ச நாளில் இரண்டு வீட்டிலும் கோழிக்கு முன்பே விளக்கு எரிந்தது. (கோழி தன் வேலை போய்விட்டதாக நினைத்திருக்கும்.)

அரையாண்டுப் பரீட்சை வந்தது. மொகலாயப் பேரரசின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் எழுத வேண்டும். இரண்டாவது காரணத்தில் நானே வீழ்ந்துவிட்டேன். மணி அடித்ததும் டீச்சர்தான் தட்டி எழுப்பினார்.

சமூக அறிவியலில் ஃபெயில்! இப்படியே போனால் பொதுப் பரீட்சையும் போய்விடும் என்று வீடே பயந்தது.

அப்பா உடனே மருந்து கண்டுபிடித்தார். "நாளைலேர்ந்து இன்னும் அரை மணி முன்னாடி எழுந்திரு!"

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அங்கே அன்வரின் அம்மா பாத்திமாக்கா முன்னமே நின்றிருந்தார்.

"எம்புள்ள பல்லு விளக்கிக்கினே நின்னபடி தூங்குறான் சரோஜா. பிரஷ் வாயில, கண்ணு மூடிக்கினுது."

"எங்கது பரீட்சையிலயே தூங்கிடுச்சுக்கா. இவங்க ரெண்டு பேருக்கும் இன்னா வேணும்? லைட்டு எரியணும், அவ்ளோதான?"

"அவ்ளோதான்!"

அன்று இரவே அம்மா அப்பாவிடம், "நீங்க ஆபீஸ் போறவங்க, நல்லா தூங்குங்க. இனிமே நான் எழுப்புறேன்" என்றாள். அப்பா நெகிழ்ந்துபோய், அந்தத் தியாகத்தை உடனே ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் சாயங்காலமே படிப்பை முடித்துவிடுவேன். சீக்கிரமே சாப்பாடு, சமையலறையில் பாய் விரித்துப் படுக்கை. விடியற்காலையில் அம்மா எழுந்து முன்னறை பல்பைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். எதிர்வீட்டிலும் அதே ஏற்பாடு. சந்தே ஜெகஜ்ஜோதி! உள்ளே இரண்டு மாணவர்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

கணக்கில் தப்புகள் குறைந்தன. வகுப்பில் கொட்டாவி நின்றது. அப்பா தன் மருந்து வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டார்.

பொதுப் பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு ராத்திரி நாங்கள் படுத்த பிறகு பலத்த காற்று. எங்கோ கம்பி அறுந்து கரண்ட் போய்விட்டது.

நன்றாக விடிந்தபின் எழுந்த அப்பாவுக்கு இது தெரியாது. வாசலுக்கு வந்தார். பாய் பள்ளிவாசலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார், கையில் டார்ச் லைட்டோடு.

"இன்னா பாய், மூணரைக்கே உங்க வீட்ல லைட்டு எரிஞ்சுதே! பையன் ஜாஸ்தி படிக்கிறான் போல?"

பாய் தன் டார்ச்சைப் பார்த்தார். மெதுவாக அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"உங்க வீட்ல மட்டும் இன்னா சார், கம்மியா? மூணு மணிக்கே பளிச்சுனு எரிஞ்சுதே! நானே பார்த்தனே!"

குழாயடியில் அம்மாவும் பாத்திமாக்காவும் குடத்தைக் கீழே வைத்தார்கள். (சிரிப்பை அடக்க இரண்டு கையும் தேவைப்பட்டன.)

அந்த நேரம் பார்த்து லைன்மேன் சைக்கிளில் வந்தார்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார், கம்பி கட்டிக்கினு இருக்காங்க. ராத்திரிலேர்ந்து இந்தச் சந்துக்கே கரண்ட் இல்ல."

பாயின் டார்ச் மெதுவாக மறுபடி முன்னால் வந்தது!

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "அப்போ... புள்ள?"

"தூங்குது."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்லயும்தான். கணக்குல தப்பு கம்மியாயிடுச்சுனு நேத்து யாரு சொன்னது?"

முதலில் சிரித்தவர் பாய்தான். "போதும் சார். நாளைலேர்ந்து லைட்டை அணைச்சிடலாம்."

அப்பா யோசித்தார். "நீங்க மொதல்ல அணைங்க பாய்."

"நீங்கதான சார் பெரியவங்க? நீங்க அணைங்க."

வல்லரசுகளிடம்தான் இந்தப் பழக்கம் உண்டு என்று நினைத்திருந்தேன்! கடைசிப் பரீட்சை வரை இரண்டு பல்புகளும் எரிந்தன. நாங்களும் தூங்கினோம். இருவரும் பாஸ். சமூக அறிவியலில்கூட!

இன்று முதல் பேத்தியை எழுப்பும் பொறுப்பு என்னுடையது. "நீங்க தூங்குங்க மாப்பிள்ளை" என்றேன். நெகிழ்ந்துபோய் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இப்போது மணி நாலரை. அவர் போன் ஆன்லைனில் இருக்கிறது. பேத்தி குறட்டையில் இருக்கிறாள்.

தருண் அம்மாவும் ஆன்லைன். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) சும்மா இருக்க முடியாமல் ஒரு சேதி அனுப்பினேன்: "நான் பாப்பாவோட பாட்டிம்மா. தருண் நல்லா தூங்குறானா?"

பதில் வந்தது:

"ஆமா ஆன்ட்டி. பாப்பாவும்தானே? எங்க வீட்ல தெரியாது, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!"

நான் எதற்குச் சொல்லப்போகிறேன்!